லோயர் டிவிஷனுக்குப் போகாத பஸ்

வனக்காப்பகத்தின் பொறுப்பு அதிகாரி லோயர் டிவிஷன் தேயிலை எஸ்டேட் மக்களின் பஸ்ஸைப் பிடுங்கி, என்னைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் அந்தப் பஸ்ஸில் போனேன், கண்ணால் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் கொழிஞ்சாம்பாறை. நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரப்பில் நடந்து நடந்து சலித்துவிட்டது. தண்ணீர்க் கரையில் நடக்கலாம் என்றால் கடல் பொன்னானியில் இருக்கிறது, அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போதுதான் கைப்பேசியில் அந்த விளம்பரம் வந்தது. மூணாறைத் தாண்டி சூரியநெல்லிப் பக்கம், அணைத் தண்ணீரை ஒட்டி மூன்று கிலோமீட்டர் நடைபாதை. யானை பார்க்கலாம், நீர்க்காகம் பார்க்கலாம். 'சொந்த வண்டி வேண்டாம், பஸ் வாசல் வரை வரும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். காட்டுக்குள் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பரவாயில்லை, யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினேன். பொள்ளாச்சியில் ஒரு பஸ், உடுமலையில் இன்னொரு பஸ். உடுமலையிலிருந்து மூணாறு தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சின்னாறு சோதனைச் சாவடி வரை காய்ந்த முள்காடு, மறையூரில் கரும்பு, அதற்கு மேல் தேயிலை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தேன். இந்தப் பாதையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு மூணாறிலிருந்து நடைபாதை பஸ். ஏறும்போதே படிக்கட்டில் ஒரு பெண் திணறிக்கொண்டிருந்தார். அவர் கணவருக்குத் தொடை வரை மாவுக்கட்டு. நானும் கண்டக்டரும் தூக்கி உட்கார வைத்தோம். பெண்ணின் பெயர் புஷ்பம். கணவர் செல்லத்துரை. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து கால் உடைந்ததாம். அடிமாலி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு லோயர் டிவிஷன் லயத்துக்குத் திரும்புகிறார்கள். லயம் என்பது எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று புஷ்பம் கேட்டார்.

"கொழிஞ்சாம்பாறைங்க. பாலக்காட்டுக்குக் கிழக்கால."

"கரையில நடக்கவா வந்தீய?"

"ஆமாங்க."

செல்லத்துரை சிரித்தார். "நாங்களும் அங்கதாம்ணே நடக்கப் போறோம். ஒங்களுக்கு டிக்கெட்டு, எங்களுக்கு ஃப்ரீ."

எனக்கு அப்போது புரியவில்லை. மாவுக்கட்டுக்காரர் எங்கே நடக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு வாசல் வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட், ஒரு டிக்கெட் அறை, எதிரே ஒரு டீக்கடை. டிரைவர் இன்ஜினை அணைத்தார். எல்லோரும் இறங்கினார்கள். செல்லத்துரை மட்டும் இறங்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இவிங்க ஊடு உள்ளதானுங்களே இருக்குது? பஸ் உள்ள போகாதுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"பண்டு போகும் சேட்டா. மஸ்டர் வரைக்கும் போய்த்தான் திரும்பும். நடைபாதை வந்ததுக்குப் பிறகு இவிடத்தோட நிறுத்தச் சொல்லிட்டாங்க. பஸ் சத்தம் நடக்க வர்றவங்களுக்கு சல்லியமாம்." அவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். பண்டு என்றால் முன்பு, சல்லியம் என்றால் தொந்தரவு. மஸ்டர் என்பது காலையில் எஸ்டேட் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். "இனி முக்கால் மணிக்கூர் இங்கதான் கிடப்பு."

முக்கால் மணி நேரம். உள்ளே மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பி வர இது தாராளமாகப் போதும். அந்த நேரம் முழுக்க பஸ் சும்மா நிற்கிறது. அந்த மூன்று கிலோமீட்டரை லயத்துக்காரர்கள் யானை நடமாடும் கரையில் நடக்கிறார்கள். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு அப்படித்தான் போகிறார்கள். எதற்காக? எனக்கு அமைதி வேண்டுமாம். நான் எப்போது கேட்டேன்?

அந்த நேரத்தில் ஒரு ரிசார்ட் ஜீப் வந்தது. பின்னால் இரண்டு இடம் காலி. காவலுக்கு நின்ற வனத்துறை வாட்சர் கேட்டைத் திறந்தார். ஜீப்புக்குச் சத்தம் கிடையாது போலிருக்கிறது. ஓட்டுகிறவருக்குச் செல்லத்துரையைத் தெரியும். "ஏறுங்க மாமா, வுட்டுட்டுப் போறேன்" என்றார். வாட்சர் குறுக்கே வந்தார்.

"விசிட்டர் வண்டியில விசிட்டர் மட்டும்தான் போகலாம். டிக்கெட் வேணும். நான் என்ன செய்ய, சேச்சி? ஆர்டர் அப்படி."

"அந்த ஆர்டர் போட்டவருக்குப் போனைப் போடுங்க" என்றேன். நல்ல மனிதர், போட்டார். கையில் டிக்கெட் கட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார். ஆகவே அதிகாரி சொன்னதை டீக்கடை வரை எல்லோரும் கேட்டார்கள். காலில் கட்டு, லயத்துக்காரர், வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாட்சர் எல்லாவற்றையும் சொன்னார். பதில் இவ்வளவுதான்: "விசிட்டர்னா டிக்கெட் எடுக்கட்டும். இல்லைன்னா நடக்கட்டும்."

என் கோபத்தில் நான் பர்ஸை எடுத்தேன். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். இரண்டு டிக்கெட் வாங்கி இவர்களை ஏற்றிவிட்டு, அப்புறம் சண்டை போடலாம் என்று நினைத்தேன். புஷ்பம் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம்ணே. எங்க வீட்டுக்குப் போக நாங்க எதுக்கு டிக்கெட் எடுக்கணும்? இன்னைக்கு எடுத்தா, நாளைக்கு லயத்து ஆளுவளும் டூரிஸ்ட்தான், டிக்கெட் வாங்குறாங்கன்னு எழுதிருவான். அப்புறம் பொறந்த புள்ளைக்கும் டிக்கெட் கேப்பான்."

"கால் என்னோடது. முடிவு மட்டும் அவளோடது" என்றார் செல்லத்துரை. ஆனால் அவரும் ஜீப்பைப் பார்த்து, நீ போ என்று கையை ஆட்டிவிட்டார்.

டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கினார்கள். அதன் கைகளுக்கு அடியில் இரண்டு சில்வர் ஓக் கம்புகளைச் செருகி, படங்கால் இறுக்கிக் கட்டினார்கள். படங்கு என்பது கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற முரட்டுத் துணி. எவ்வளவு வேகமாகக் கட்டினார்கள் என்பதைப் பார்த்தபோது, இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. செல்லத்துரையை பஸ்ஸிலிருந்து இறக்கி அதில் உட்கார வைத்தோம். தூக்குவதற்கு பஸ்ஸில் வந்த லயத்துக்காரர்கள் மூன்று பேர், நாலாவது நான். என் டிக்கெட்டைக் காட்டிவிட்டு ஒரு கம்பைத் தோளில் வைத்தேன்.

கிளம்பியதும் செல்லத்துரை மேலே இருந்து பேச ஆரம்பித்தார். "உசிரோட இருக்கும்போதே நாலு பேரு தூக்கிட்டுப் போறான். எத்தனை பேருக்குக் கெடைக்கும்?"

"வாய மூடிக்கிட்டு இரும்" என்றார் புஷ்பம்.

கரை அழகாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் நானும் பொய்யன். தண்ணீர் இறங்கிச் செம்மண் படிப்படியாகத் தெரிந்தது. மூழ்கிச் செத்த மரங்களின் அடிக்கட்டைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அக்கரையில் தேயிலை. இக்கரையில் ஆள் உயர நாணல். வழியெல்லாம் பலகைகள்: அமைதி காக்கவும்.

லயத்துக்காரர்கள் அமைதி காக்கவில்லை. புஷ்பம் டிபன் மூடியைத் தட்டிக்கொண்டே முன்னால் போனார். சந்தை விலை, ஆஸ்பத்திரி நர்சு, யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லோரும் உரக்கப் பேசினார்கள். பலகையைப் படித்துவிட்டு வந்த புத்தியில் நான், "கொஞ்சம் மெதுவாப் பேசலாமுங்களே" என்றேன்.

புஷ்பம் திரும்பிப் பார்த்தார். "யானைக்குத் தெரியாமப் போறதுக்கு நாம என்ன களவாங்கவா வந்தோம்? நாம வாறது அதுக்குத் தெரியணும்ணே. தெரியாமக் கிட்டப் போனாத்தான் அது பயந்து அடிக்கும்."

அதற்குப் பிறகு நானும் உரக்கப் பேசினேன்.

பாதை தண்ணீர்ப் பக்கம் வளையும் இடத்தில் புது யானைச் சாணி கிடந்தது. எல்லோரும் நின்றார்கள். நாற்காலியை இறக்கினோம். புஷ்பம் மூடியைப் பலமாகத் தட்டி, நாணலைப் பார்த்துப் பேசினார். "சாமி, நாங்கதான். ஆஸ்பத்திரியில இருந்து வாறோம். ஆளுக்குக் கால் சரியில்ல. ஓடவும் முடியாது. கொஞ்சம் வழி விடும்."

அதிகாரியிடம் கெஞ்சாத பெண் யானையிடம் கெஞ்சினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாணல் அசைந்தது. ஒரு பெண் யானையும் குட்டியும் வெளியே வந்து, எங்களைப் பார்க்காதது போலவே மேட்டில் ஏறிப் போய்விட்டன. நடக்க முடிகிற எனக்கே ஓடத் தோன்றியது. நாற்காலியில் கட்டுக் காலோடு உட்கார்ந்திருந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த நேரத்தில், டிக்கெட் வாங்கிய நடைக் குழு ஒன்று அமைதியாகப் பின்னால் வந்து சேர்ந்தது. அவர்களுடைய வழிகாட்டி, "சத்தம் போடக்கூடாது. இங்க ரூல் இருக்கு" என்றார்.

"ரூலை மேட்டுல போகுது பாரு, அதுக்கிட்டப் படிச்சுக் காட்டு தம்பி" என்றார் புஷ்பம்.

குழுவில் ஒருவர் கைப்பேசியை எடுத்துச் செல்லத்துரையைப் படம் பிடித்தார். செல்லத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, அவரு என்ன யானையுங்களா?" என்று கேட்டேன். அந்த ஆள் கைப்பேசியை இறக்கினார். ஆனால் படத்தை அழிக்கவில்லை.

லயம் போய்ச் சேர நாலு மணி ஆகிவிட்டது. மஸ்டர் என்பது காலையில் எஸ்டேட் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். மஸ்டருக்கு முன்னால் பஸ் திரும்பிய வட்டம் இன்னும் இருக்கிறது, புல் முளைத்துக் கிடக்கிறது. புஷ்பம் வீட்டில் பால் விடாத கட்டன் டீ கொடுத்தார்கள், சர்க்கரை வேண்டாம் என்றேன். மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்தார்களாம். பரிசீலிக்கிறோம் என்றார்களாம். பரிசீலனை முடிவதற்குள், பல வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற மூங்கிலே பூத்துவிடும்.

செல்லத்துரை கட்டிலில் சாய்ந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வர்ற வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. எலும்பு சேர்ந்திருக்கான்னு பாக்கணுமாம். சேரலைன்னா கம்பி வைக்கணும்ங்கான். போகலைன்னா இந்தக் கால் இப்படியே நின்னுரும். கவாத்துக்காரனுக்குக் கால் போச்சுன்னா வேல போச்சு. அன்னைக்குத் தூக்க நீங்க வருவீயளா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

 வாசலுக்கு நடந்து போய் மாலை பஸ்ஸைப் பிடித்தேன். அதுவும் கேட்டுக்கு முன்னால் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு தடவை டவுன் பஸ் வாய்க்கால் பாலத்தோடு திரும்பிப் போக ஆரம்பித்தது. மூன்றாம் நாள் நாங்கள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். அன்று மாலையே பஸ் ஊருக்குள் வந்தது. ஏனென்றால் எங்களுக்கு நிலம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, கத்துகிற தைரியம் இருக்கிறது. லயத்துக்காரர்களுக்கு வீடுகூட வேலை இருக்கிற வரைக்கும்தான். அவர்கள் ரோட்டில் உட்கார்ந்தால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. அதிகாரிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்கிறார்.

அதிகாரி அவர்களே, எனக்கு உங்கள் அமைதி வேண்டாம். நூற்றைம்பது ரூபாய் கொடுத்து நடக்க வருகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பஸ் சத்தம் கேட்டால் செத்துப்போக மாட்டார்கள். வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில், ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, லோயர் டிவிஷன் மஸ்டருக்கு வாருங்கள். செல்லத்துரை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் உள்ளே வருமா, வராதா? வராது என்றால், ஜீப் மட்டும் ஏன் வருகிறது? போனில் வாட்சரிடம் சொன்னதை அங்கே புஷ்பத்தின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.