மழை இருட்டுக்குக் கணக்குப் போட்ட அண்ணன்

ஸ்விட்சைத் தட்டும் முன் செருப்பைக் கழற்றி வைத்துக் கும்பிட்ட முட்டாள் நான். அதுவும் ஈரத்தரையில், வெறுங்காலோடு! விளக்கேற்றும்போது மரியாதை வேண்டாமா என்று நினைத்தேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அடித்தவர் அண்ணன். இதை எழுத நான் மிச்சமிருப்பது அந்த அடியால்தான்.

அண்ணன் பிறந்தது எம்.ரெட்டியபட்டியில். பருத்தி பொய்த்த வருடம் மதுரைக்குப் போய் வயரிங் வேலை கற்றார். அருப்புக்கோட்டைக்குக் கரண்டு வந்ததும் திரும்பினார். ஒரு கடைக்கு எவ்வளவு கரண்டு வேண்டும் என்று கணக்கிடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. விளக்கு, விசிறி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு, இவற்றில் அதிகபட்சம் எத்தனை ஒரே நேரத்தில் ஓடும் என்று யோசிப்பார். பொய் சொல்லவே வராது. அதனால் வேலையும் அதிகம் வராது.

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கும் அவரே கணக்குப் போட்டார். எங்கள் பக்கத்துச் சனங்கள் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் விரித்து நிறம் பார்த்துத்தான் வாங்குவார்கள். பகலில் விளக்கே வேண்டாம், பொழுது சாய்ந்தால் மாடியைப் பூட்டிவிடுவோம், ஆகவே மெல்லிய கம்பி போதும் என்றார் முதலாளி.

"தீபாவளிக்கு முந்தின நாள் மழை இருட்டுக் கட்டுனா? மாடி, கீழ, பூராம் ஒண்ணா எரியும். கம்பி தாங்காது, மொதலாளி."

"நம்ம ஊர்லயா மழை? ஏலே, ஒங்கண்ணன் சொல்றதக் கேட்டியா!" என்று என்னைப் பார்த்தார் முதலாளி.

நானும் சிரித்து வைத்தேன். அண்ணன் விலகிக்கொண்டார். வேறு ஆள் மெல்லிய கம்பியை இழுத்தான்.

போன தீபாவளிக்கு முந்தின நாள், திருச்சுழிப் பக்கமிருந்து வானம் கருத்து வந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. அண்ணன் மட்டும் கடைக்கு ஓடி வந்தார். உள்ளே நிற்க இடமில்லை, விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"என்னலே வாடை?"

"புதுத்துணிக் கஞ்சி வாடைண்ணே."

அண்ணன் மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

"யாவாரத்தக் கெடுத்துட்டியேடா, பாவி!" என்று முதலாளி கத்தினார். இருட்டான பிறகுதான் தெரிந்தது: மாடிப்படிக்கு மேலே, கம்பி ஓடிய மரச்சட்டம் கங்காய்ச் சிவந்திருந்தது. மாடி நிறையப் பெண்களும் குழந்தைகளும். எல்லோரையும் இறக்கிவிட்டு, அண்ணன் ஏறிச் சட்டத்தைப் பிடுங்கி எறிந்தார். புகை அவர் நெஞ்சோடு தங்கிவிட்டது. அந்த இருமல் இந்தப் புரட்டாசியில் அவரைக் கொண்டுபோயிற்று.

மருந்து கொடுத்த டாக்டருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டி கொடுத்தனுப்பிய முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடையில் கருகிய துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் அதே கம்பி. உறவினர்களே, வெயிலடிக்கும் நாளாகப் பார்த்துத் துணி எடுக்க வாருங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கப் போகும் வழியில் கடையில் ஏறி, "கெழக்க கருத்திருக்கு மொதலாளி, கம்பிய மாத்திருவோமா?" என்று கேட்டேன்.

"தீபாவளி போகட்டும்டா."