அப்படியே சொன்ன பதில்

அரசாங்கச் செலவில் பினாங்கைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு அன்று நான்தான் மொழிபெயர்ப்பாளன். லிட்டில் இந்தியாவில் ஒரு நிருபர், மசாலைக் கடை அக்காவிடம், இந்த ஊரில் பிடிக்காதது என்ன என்று கேட்டார்.

"டூரிஸ்ட்டுங்க வர்றது நல்லதுதான் லா. ஆனா வாடகை ஏறிப்போச்சு. எங்க பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை டவுனுக்குப் போயிட்டாங்க" என்றார் அக்கா.

மொழிபெயர்க்காமல் திரும்பிப் பார்த்தேன். எங்களை அழைத்து வந்த சுற்றுலா அதிகாரி, ஒரு தமிழ்ப்பெண், பக்கத்திலேயே நின்றார்.

"ஏண்ணே தயங்குறீங்க? அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க. நல்லத மட்டும் சொன்னா யாரு நம்புவா?"

சொன்னேன். கட்டுரையிலும் அது வந்தது. மேலிடத்தில் விசாரித்தபோது, "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்று அந்த அதிகாரியே முன்வந்து சொன்னாராம். இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டால், வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போகிறேன்.