வட்டத்துக்கு வெளியே நின்றவள்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. அன்று அந்தக் கூடத்தில் நான் இருந்தேன். இருட்டில் என் இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்தார்கள். அந்தக் கைகளால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கிர்கிஸ் மலையூர் சின்னது. ஒரு கடைத்தெரு, குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஓர் ஆறு, ஒரு கலாச்சார மாளிகை. அந்த மாளிகையின் நூலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். பெயர் புருல். பேசுவதைவிடப் படிப்பது பிடிக்கும். படிப்பதைவிட, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் அது நடக்காது. புத்தாண்டு விழாவுக்கு ஊரே எங்கள் கூடத்துக்கு வரும். காலையிலும் மதியமும் குழந்தைகள் நாடகம், சாயங்காலம் பெரியவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும். நடிக்க ஆள் பற்றாது. மாளிகையின் ஜீப் டிரைவர்தான் பரிசு கொண்டுவரும் பனித்தாத்தா. நாடகப் பிரிவின் ரிஸ்பெக் அண்ணன், தொப்பையும் மீசையுமாக, செம்புக் கிழவி. நான் பனித்தாத்தாவின் பேத்தி, பனிப்பெண். முப்பத்துநாலு வயதில்.

“பனிப்பெண்ணே, முட்டிக்குத் தைலம் தேச்சாச்சா?” என்பார் ரிஸ்பெக் அண்ணன், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும்.

“நீங்க முதல்ல மூக்கை ஒட்டுங்கண்ணே. காலையில சூப்புல விழுந்துச்சே.”

“அது என் சொந்த மூக்கும்மா!”

நாடகம் வருஷா வருஷம் ஒன்றுதான். நடுவில் பெரிய தேவதாரு மரம். குழந்தைகள் கைகோத்து அதைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். செம்பு நகம் வைத்த கிழவி வந்து பரிசு மூட்டையைத் திருடுவாள். “யாரு என்கூட வர்றீங்க?” என்று வட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்பாள். குழந்தைகள் “வரமாட்டோம்!” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பனித்தாத்தா வந்து அவளைப் பிடிப்பார். கடைசியில் பனிப்பெண் கேட்பாள், “மன்னிச்சிடலாமா?” குழந்தைகள் “மன்னிச்சிடலாம்!” என்பார்கள். வட்டம் ஓரிடத்தில் திறக்கும். கிழவி உள்ளே வந்து கைகோத்துக்கொள்வாள். எல்லோருமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் மரத்தின் விளக்குகள் எரியும்.

எங்கள் இயக்குநர் அனார்குல் அக்கா எதை வெட்டினாலும் அந்தக் காட்சியை மட்டும் வெட்ட விடமாட்டார். “அவளை வட்டத்துக்கு வெளியே நிறுத்திட்டு ஆட்டத்தை முடிக்கக் கூடாது” என்பார். ஏன் என்று கேட்டால், “என் டைரக்டர் சொன்னாரு. அவருக்கு அவரோட டைரக்டர் சொன்னாரு. நீங்க செய்யுங்க” என்பதோடு சரி.

அன்று காலை ஆட்டத்தில் அக்கா இல்லை. நகர அலுவலகத்தில் கூட்டம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்த குழந்தைகள்தான் பார்வையாளர்கள். பாதி நாடகத்தில் பஸ் டிரைவர் பக்கவாட்டுத் திரைக்குள் தலையை நீட்டினார்.

“மேல பனி கொட்டுது. கணவாயை மூடிட்டாங்கன்னா இத்தனை பிள்ளைகளுக்கும் நீங்கதான் சோறு போட்டுப் படுக்க வைக்கணும்.”

ரிஸ்பெக் அண்ணன் மூக்கைக் கழற்றிவிட்டார். “சரி, கிழவி தப்பிச்சு ஓடிட்டான்னு சொல்லிடலாம். பரிசைக் குடுத்து அனுப்பு.”

அப்படித்தான் செய்தோம். மன்னிப்பும் இல்லை, சுற்றும் இல்லை. மர விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, மிட்டாய்ப் பைகளைக் கையில் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை. என் மனம் வேறோர் இடத்தில் இருந்தது.

என் மகன் திலெக்குக்கு ஆறு வயது. அவன் அப்பா சைபீரியாவில் கட்டட வேலை. இரண்டு வருடமாக வரவில்லை. காலையில் அவனுக்கு முயல் காது வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

“அம்மா, பனித்தாத்தா வடக்கேதானே இருக்காரு?”

“ஆமா.”

“அப்பாவும் வடக்கேதானே? நான் அவர்கூடப் போயிடவா?”

“அப்போ அம்மா?”

கொஞ்சம் யோசித்தான். “நீ லைப்ரரிக்குப் போ.”

சிரித்தேன். ஆனால் கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் இவன் கிளம்பிவிடுவான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாள் முழுக்க அதுவே உள்ளே குத்திக்கொண்டிருந்தது. அவனை என் கண்ணில் படும்படியே வைத்துக்கொண்டேன்.

மூன்று மணி ஆட்டம். கூடம் நிறைந்துவிட்டது. சுவரோரம் பெற்றோர்கள். நடுவில் மரம், அதைச் சுற்றி அறுபது குழந்தைகள். திரை இடுக்கில் பார்த்தேன். முயல் காதுகள் வட்டத்தில்தான் இருந்தன. சரி.

கிழவி வருவதற்கு முன் கூடத்தின் விளக்குகள் எல்லாவற்றையும் அணைப்போம். ஜன்னல்களில் தடித்த கறுப்புத் திரை. பெற்றோர்கள் போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். ஒலிபெருக்கியில் காற்று ஊளையிடும். அரை நிமிடம் கழித்துச் சிவப்பு விளக்கு. அதில் கிழவி நிற்பாள்.

விளக்கு அணைந்தது. காற்று ஊளையிட்டது. குழந்தைகள் வீல் என்று கத்தினார்கள்.

பிறகு காற்றின் சத்தம் பட்டென்று நின்றது.

சிவப்பு விளக்கு வரவில்லை. மின்சாரம் போயிருக்க வேண்டும். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் அது புதிதல்ல. ஆனால் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. நாடகம் என்றே நினைத்தார்கள். ஒருவர்கூடப் போனை எடுக்கவில்லை. எல்லோரும் இருட்டில் காத்திருந்தார்கள்...

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

மரத்தரையில் ஏதோ உலோகம் தட்டுகிற சத்தம். மெதுவாக, வட்டத்தை ஒட்டியே போனது. ரிஸ்பெக் அண்ணன் நகத்தால் தட்டுகிறார் என்று நினைத்தேன். நினைத்த உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் நகங்கள் அட்டை. அட்டையில் செம்பு வண்ணம் பூசியது நான்தான். அட்டை இப்படிச் சத்தம் போடாது.

“யாரு என்கூட வர்றீங்க?”

நாடகத்து வசனம்தான். ஆனால் கரகரப்பு இல்லை. மென்மையான குரல். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுகிற குரல்.

“வரமாட்டோம்!” குழந்தைகள் சிரித்துக்கொண்டே கத்தினார்கள்.

டிக்... டிக்...

“யாரு என்கூட வர்றீங்க?”

“வரமாட்டோம்...” இந்த முறை பாதிப் பேர்தான் கத்தினார்கள். சிரிப்பு இல்லை.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

“புருல்.” ரிஸ்பெக் அண்ணனின் மூச்சு என் காதில் சுட்டது. “லைட் வரலையே. நான் எப்படிம்மா போறது?”

நான் திரும்பவில்லை.

“புருல்... அங்க பேசுறது யாரு?”

டிக்... டிக்...

“யாரு என்கூட வர்றீங்க?”

ஒரு குழந்தையும் பதில் சொல்லவில்லை.

பிறகு... ஒரே ஒரு சின்னக் குரல்.

“நான் வரேன்.”

திலெக்கின் குரல்.

மேடைப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினேன். தொப்பிகள், காகிதக் கிரீடங்கள், சரிகை. யாரோ அழுதார்கள். “திலெக்! திலெக்!” மரத்தின் ஊசி இலைகள் முகத்தில் கீறின.

ஒரு சின்னக் கை என் வலது கைக்குள் வந்தது.

வெதுவெதுப்பான கை. ஒரு விரலை மடக்கி என் உள்ளங்கையில் குத்திப் பிடித்தது. திலெக் அப்படித்தான் பிடிப்பான். பெற்றவளுக்கு வெளிச்சம் எதற்கு?

“விட்டுடாதே” என்றேன். “கையை விட்டுடாதே.”

டிக்... டிக்...

சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. வாய் தானாகப் பேசியது. மேடைக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி.

“குழந்தைகளே! செம்புக் கிழவியை மன்னிச்சிடலாமா?”

இன்னும் உரக்கக் கேட்டேன்.

“மன்னிச்சிடலாமா?”

“மன்னிச்சிடலாம்...” ஒரு குரல். அப்புறம் பத்து. அப்புறம் கூடமே அதிர்ந்தது.

என் இடது கையை இருட்டுக்குள் நீட்டினேன்.

பிடித்தாள்.

குளிரவில்லை. சுடவும் இல்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்ததுபோல இருந்தது. மணிக்கட்டில் ஐந்து முனைகள் பட்டன. அழுத்தவில்லை.

நடந்தோம்.

பாட்டு இல்லை. காலடிச் சத்தம் மட்டும். அறுபது குழந்தைகள், நான், அவள்.

ஒரு முழுச் சுற்று. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் வலது பக்கம் குனிந்தேன். “பயப்படாதே. வீட்டுக்குப் போலாம். அம்மாகூட வா.”

“வரேன்.”

விளக்கு எரிந்தது.

இடது கையில் யாரும் இல்லை. வலது கையிலும் யாரும் இல்லை. மரம் முழுக்க வண்ண விளக்குகள். பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். திலெக் கூடத்தின் கதவருகே நின்று ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் மாண்டரின் ஆரஞ்சுத் தோல். கையை உதறிவிட்டு அதற்குள் அங்கே ஓடிவிட்டான் என்று நினைத்தேன். போய் அவனைத் தூக்கிக்கொண்டேன். கனமாக, தூக்க வாசனையோடு இருந்தான். எனக்கு அது போதும்.

மேடை ஓரத்தில் ரிஸ்பெக் அண்ணன் திரையைப் பிடித்தபடியே நின்றார். மூக்கு கையில் இருந்தது.

கூட்டம் முடிந்து மதியமே திரும்பி, மாடியிலிருந்து ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அனார்குல் அக்கா இறங்கி வந்தார். “கரண்ட் போனதும் செத்தோம்னு நினைச்சேன். மன்னிப்புக் காட்சியை முன்னாடி இழுத்துப் போட்டுச் சமாளிச்சியே, கெட்டிக்காரி! ரிஸ்பெக், இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீ ஒழுங்காப் பேசியிருக்கே.”

ரிஸ்பெக் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாயங்காலம் பாட்டும் ஆட்டமும் நடந்தன. மறுநாள் வேறு பிள்ளைகள் வந்தார்கள், எல்லாம் வழக்கம்போல முடிந்தது.

வந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்து நிம்மதியாக இருந்தேன். என் பிள்ளை போகிறேன் என்றான். நான் போய்ப் பிடித்து மீட்டுவிட்டேன். புத்தாண்டு இரவில் அவன் அப்பா போனில் வந்து, வசந்தத்தில் வருவதாகச் சொன்னார். திலெக் போனுக்கு முத்தம் கொடுத்தான். பக்கத்தில் படுத்து அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மீதமிருந்த பலகாரங்களை மேசையில் கொட்டி எல்லோரும் தேநீர் குடித்தோம். கூடத்துக் கதவருகே கோட்டுகளை வாங்கி மாட்டுகிற ராய்கான் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உன் மகன் தூங்கும்போது எச்சில் விடுவான்னு சொல்லக் கூடாதா? என் ஸ்வெட்டரே நாசம்.”

“எப்போ அக்கா?”

“அன்னிக்கு, கரண்ட் போன ஆட்டத்துல. நீங்க லைட்டை அணைச்சதுமே ஓடிவந்துட்டான், கிழவின்னா பயமாம். ஒரு ஆரஞ்சு குடுத்தேன். தின்னுட்டு என் மடியிலேயே தூங்கிட்டான். நீங்கல்லாம் கைதட்டுனப்பதான் முழிச்சான்.”

ரிஸ்பெக் அண்ணன் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் வாய்வரை போகாமல் நின்றது.

“நடுவுல எழுந்து போனானா?” என்று கேட்டேன்.

“எழுந்து போயிருந்தா என் கால் அப்படி மரத்துப்போயிருக்குமா?” சிரித்துக்கொண்டே என் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார்.

நான் அதைக் குடிக்கவில்லை. வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று இருட்டில் இரண்டு பேர் கூப்பிட்டோம். முதலில் அவள் கூப்பிட்டாள். அந்தச் சின்னக் குரல், வரேன் என்றது. பிறகு நான் கூப்பிட்டேன். வீட்டுக்குப் போலாம், அம்மாகூட வா என்றேன்.

அதே குரல் எனக்கும் வரேன் என்றது.

இப்போதெல்லாம் வீட்டில் நான் சும்மா “வா” என்று சொல்வதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும், தூங்கக் கூப்பிட்டாலும், “திலெக், வா” என்று பெயரைச் சேர்த்தே சொல்கிறேன்.