லெவல் முப்பது

ஐடாவோடு ஒன்பது வருடமாக ஒரே ரயிலில் போய் வருகிறேன். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறினால் பெங்களூரு போய்ச் சேரும்வரை அவள் மொத்தம் பத்து வார்த்தை பேசுவாள். அதில் மூன்று "கொஞ்சம் தள்ளி உக்காருங்க". எனக்கோ வாய் சும்மா இருக்காது. அப்படியும் இந்தச் சிநேகம் இத்தனை நாள் தாங்கியிருக்கிறதென்றால் பெருமை முழுக்க என்னைத்தான் சேரும்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஐடா பிளேன் ஓட்டுறா" என்றுகூட ஒருத்தி சொல்லித் திரிந்தாள். உலகம் முழுக்கப் பறக்கிற பயணிகள் விமானங்கள் இந்த நிமிடம் எங்கே இருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற கம்பெனியில் வேலை. விமானம் தன் இடத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகும். தரையில் வைத்திருக்கிற ரிசீவர்கள் அதைப் பிடிக்கும். நடுக்கடலில் சாட்டிலைட் பிடிக்கும். ரேடார் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஐடா.

"பிளேனே இங்க இருக்கேன்னு சொல்லும்போது உனக்கு இன்னா வேல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்கே தப்பா தெரிஞ்சிருந்தா?" என்றாள். அன்றைக்குப் பங்காருபேட்டை தாண்டும்வரை பேச்சு அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் அவள் படு கறார். ஒரே இடத்திலிருந்து வந்த தகவலை வைத்துக்கொண்டு "இருக்கிறது" என்றோ "இறங்கிவிட்டது" என்றோ எழுத மாட்டாள். மேலதிகாரி கத்தினாலும் இரண்டாவது சாட்சி வந்தாக வேண்டும். காரணம் எங்கள் தெருவுக்குத் தெரியும். சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே இறங்குகிறவர் கையோடு தன் நம்பர் போட்ட டோக்கனை எடுத்துப் போவார். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார். அது பலகையில் தொங்கினால் ஆள் மேலே வந்தாயிற்று. ஐடாவுக்குப் பதினோரு வயதில் ஒரு நாள் பலகையில் அவள் அப்பாவின் நம்பரில் டோக்கன் தொங்கியது. அப்பா பாறைக்கு அடியில் கிடந்தார். வேறொருவர் டோக்கனை யாரோ நம்பர் மாற்றி அங்கே மாட்டிவிட்டார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. எங்கள் பக்கத்து வீட்டு தசரதன், ஜெயம்மா தம்பதியின் மகள் பவ்யா வளைகுடா நாட்டில் நர்ஸ். இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் வருகிறாள். அவள் தம்பி திலீப் காலையிலிருந்து கைபேசியில் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்கு அது படத்திலிருந்து காணாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நாங்கள் நாலு பேரும் ஐடா வீட்டுக்கு ஓடினோம். அவளுக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை.

லேப்டாப்பைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். வர வேண்டிய வழியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஏதோ ஒரு ஊர் விமான நிலையத்தில், தரையில் நிற்பதாகச் சொன்னது சாட்டிலைட்.

"அப்போ எறங்கிட்டாங்களா?" என்றான் திலீப்.

"இல்ல. அந்த ஏரியாவுல சண்ட போடுறவங்க பொய் சிக்னல் உடுறாங்க. பிளேன் அத நம்பித் தப்பா சொல்லுது."

"நல்லாதான இருக்குது, ஐடா? அத மட்டும் சொல்லேன்" என்றாள் ஜெயம்மா.

"பாத்துச் சொல்றேன்க்கா."

ஜெயம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கோபம்தான். பெற்றவளுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஐடா ஆபீசுக்குப் போன் போட்டு, "கடைசியா லெவல் முந்நூத்தி அறுபது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல" என்றாள். வாசற்படியில் நின்றிருந்த தசரதன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜுக்கு மணியடித்தவர். எங்கள் ஊரில் லெவல் என்றால் பூமிக்குள் நூறு அடிக்கு ஒன்று. நம்பர் ஏற ஏற ஆழம். எவ்வளவோ தோண்டியும் நூற்றுச் சொச்சம் லெவலைத் தாண்டியதில்லை.

"முந்நூத்தி அறுபதா? அங்கேர்ந்து எவன் ஏறி வந்தான்?" என்றார். ஜெயம்மா அழ ஆரம்பித்தாள்.

விமானம் ஆகாயத்தில் போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முப்பது வருடம் காதில் விழுந்த வார்த்தை அது. பயந்த நேரத்தில் மூளை பழைய வழியில்தான் ஓடும்.

ஐடா எழுந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "இது தரையிலேர்ந்து மேல பாத்து எண்றதுண்ணே. இங்கயும் நூறு அடிக்கு ஒண்ணு. நம்பர் கொறஞ்சா ரெண்டுலயும் தரைக்கு வர்றதுதான்." ஒன்பது வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முக்கால் மணி நேரத்தில் சாட்டிலைட் விமானத்தைக் கடல்மேல் காட்டியது. திலீப் கைதட்டினான். ஐடா இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்சம் முன்னால் பொய் சொன்ன சாட்சி அது. இந்தியக் கரை நெருங்கியபோது நான்கு ரிசீவர்களில் ஒரே சிக்னல் விழுந்தது. விமானம் சொன்ன இடத்தை விட்டுவிட்டு, சிக்னல் எந்த ரிசீவருக்கு எந்த நொடியில் வந்தது என்பதை வைத்தே இடத்தை ஆபீசில் கணக்குப் போட்டார்கள். அதுவும் சாட்டிலைட் காட்டியதும் ஒத்துப்போயின.

"வருது" என்றாள் ஐடா. அவ்வளவுதான்.

அதன் பிறகு தசரதன் நாற்காலியை லேப்டாப் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நம்பர் குறையக் குறைய கேஜ் ஏறுகிற மாதிரி உரக்கப் படித்தார். "நூறு. எண்பது. அறுபது. நாப்பது." முப்பதில் நின்றது. நின்றே இருந்தது.

"இன்னா, மாட்டிக்கிச்சா?" என்று திரையைத் தட்டினார். "ஜீரோ வர்லியேம்மா."

"கடல்லேர்ந்து எண்றாங்கண்ணே. பெங்களூரே முப்பதுலதான் கீது. நாமளும் ஏறக்குறைய அந்த லெவல்லதான் ஒக்காந்துனு கீறோம்."

அப்போதும் அவள் "இறங்கிவிட்டது" என்று சொல்லவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து திலீப்பின் போன் அடித்தது. பெட்டிக்காக நிற்கிறேன் என்றாள் பவ்யா. ஐடா போனை வாங்கி அவள் குரலைத் தானும் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

ஜெயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "உனக்கு அப்பவே தோணியிருக்கும்ல? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?"

ஐடா சொன்னாள். "எங்க அம்மாகிட்ட சொன்னாங்கக்கா. டோக்கன் வந்துடுச்சு, ஏறிட்டாருன்னு. அம்மா அப்பாவுக்குக் குளிக்க வெந்நி போட்டுச்சு. அது கொதிச்சு ஆறிப் போற வரிக்கும் வாசல்லயே சிரிச்சுனு நின்னுச்சு."

அன்று சாயங்காலம் ஆட்டோ சத்தம் கேட்டும் ஜெயம்மா அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை. பவ்யா உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் வெந்நீருக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள்.