ஃப்ரீமாண்டில், வாசல் தாண்டாத நெய்

எச்-1 விசா காலம் முடிந்தது, கிரீன் கார்டு வரவில்லை. இந்த மாதக் கடைசியில் மதுரைக்கே திரும்புகிறோம். போவதற்குள் ஜவாத் பாயைப் பார்க்காவிட்டால் மனசு ஆறாது. இந்தக் கலிஃபோர்னியா டப்ளினுக்கு வருமுன் ஃப்ரீமாண்டில் ஐந்து வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆப்கானிஸ்தானின் ஹசாரா இனத்தவர்.

காரை விற்றாகிவிட்டதால் சனிக்கிழமை காலை டப்ளினில் பார்ட் ரயில் ஏறினேன். பே ஃபேர் ஸ்டேஷனில் மாற வேண்டும்; தூங்கினால் ஓக்லாந்துதான், அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரீமாண்ட். அங்கிருந்து பஸ்ஸில் பாய் வீடு இருக்கும் சென்டர்வில் பகுதி. இறங்கியதுமே ஆப்கன் ரொட்டிக் கடை வாசனை. அந்த ரொட்டிக்கு என் குருமாவைத் தொட்டுக்கொண்டு, பாய் சொல்லும் கலகக்காரர் கதைகளை எத்தனை சாயங்காலம் கேட்டிருப்போம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காபூல் அமீரை எதிர்த்த ஹசாரா தலைவர்கள் தோற்றார்கள். நிலம் பறிபோனது, பலர் நாட்டை விட்டே ஓடினார்கள். பாயின் குடும்பம் மலையிலேயே கிடந்தது. 1940களில் நெய் வரி வந்தது. கறக்காத மாட்டுக்கும் அரசாங்கத்துக்கு நெய் அளக்க வேண்டுமாம், அநியாயம்! ஒரு தலைவர் ஆள் திரட்டி அரசாங்கச் சாவடியையே பிடித்தார். வரி ரத்தானது.

அன்றிலிருந்து பாய் குடும்பத்தில் நெய்யை யாருக்கும் கொடுத்தனுப்புவதில்லை. உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், வாசல் தாண்டாது. இது தெரியாமல் ஒரு பொங்கலன்று நான் கரண்டி நெய் கடன் கேட்டுப் போய் நின்றேன். பாய் மறுத்துவிட்டு, பொங்கல் பானையை அவர் வீட்டுக்குத் தூக்கி வரச் சொல்லி, அங்கே வைத்து ஊற்றினார்.

இந்த முறை அவர் மனைவி சக்கீனா சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார். பழைய கதைகளையே பேசினோம். எழும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் இருந்தும் வெளியாள் என்று அனுப்புகிறார்களே என்றேன்.

பாய் உள்ளே போய், ஒரு பாட்டில் நெய்யோடு வந்தார். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி ஹிந்தி. நம் தமிழில் எழுதுகிறேன்.

"பாய், இது வாசல் தாண்டாதே?"

"வெளியாளுக்குத்தான் தாண்டாது, சிஸ்டர். மதுரையில இருக்கிறதும் நம்ம வீடுதானே."

அந்தப் பக்கம் போகிறவர்கள் மதியத்துக்கு முன் போங்கள், ரொட்டி சூடாகக் கிடைக்கும். விமானத்தில் நெய் கொண்டுபோனால் கைப்பையில் வைக்காதீர்கள், ஏர்போர்ட்டில் வாங்கிவிடுவார்கள். என் பாட்டில் பெரிய பெட்டியில், புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. எடை கூடினால் புடவைகளை எடுத்துவிடுவேன். நெய்யை எந்த சர்க்காருக்கும் கொடுப்பதாக இல்லை.