ஓட்டுகிறவருக்குக் கூரை இல்லாத கார்

நனைந்த காக்கித் துணி அடுப்புச் சூட்டில் காயும்போது ஒரு வாசனை வரும். கஞ்சிப் பசையும் வியர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து, லேசாகப் புளித்த வாசனை. ஐப்பசி பிறந்தால் கார்த்திகை முடியும் வரை குமணன்சாவடியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த வாசனைதான். கொடியில் என் தகப்பனாரின், அதாவது நைனாவின், சட்டை தொங்கும். அதன் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க அம்மா கீழே ஒரு சட்டி வைத்திருப்பாள். எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்த வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் இன்றும் எனக்கு ஏக்கம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

நைனா கார் ஓட்டுநர். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பங்களாவும் செம்பரம்பாக்கம் பக்கம் அரிசி ஆலையும் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலை. ஏதோ ஒரு ஜமீனுக்காகக் கப்பலில் வந்து, ஜமீன் கரைந்தபின் முதலாளியின் கைக்கு வந்த இங்கிலாந்துச் சொகுசுக் கார் அது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கார்களைச் செய்தவர்கள் இன்ஜினையும் அடிச்சட்டத்தையும் மட்டும்தான் விற்பார்கள். மேலே வரும் உடலை வாங்குகிறவர் வேறொரு பட்டறையில், தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல, தன் விருப்பப்படி சொல்லிச் செய்துகொள்வார். இந்தக் காரைச் சொல்லிச் செய்தவர் பின்னிருக்கைக்கு ஓர் அறையே கேட்டிருக்கிறார்: வளைந்த கூரை, பட்டுத் திரை, கால் புதையும் கம்பளம். முன்னிருக்கைக்குக் காற்றைத் தடுக்க எதிரே ஒரு கண்ணாடி மட்டும். தலைக்கு மேல் வானம். இரண்டுக்கும் நடுவே இன்னொரு தடித்த கண்ணாடி. உள்ளே இருப்பவர் உத்தரவு போட ஒரு குழாய் இருந்தது, அதன் மறுமுனை ஓட்டுகிறவரின் காதோரம் வந்து நிற்கும். அதில் பதில் பேச வழியில்லை. நைனா அந்தக் குழாய்க்கு வைத்த பெயர் "திட்டுக் கொயா".

மழை பெய்தால் நைனா நனைவார். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய வண்டியைத் திருப்ப முடியாது. மழைக்கோட்டு போடலாம் என்றால் காக்கி உடுப்பும் பித்தளைப் பொத்தானும் வெளியே தெரிய வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. கொட்டுகிற மழையில் திட்டுக் கொயா வழியாக வருகிற சொல் பெரும்பாலும் ஒன்றுதானாம்: "மெதுவா ஓட்டு, கண்ணாடில சேறு தெறிக்குது."

வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் திரும்பும் நைனாவை டீக்கடைக்காரர் விடமாட்டார். "இன்னா அண்ணாத்தே, அம்மாம் பெரிய காரு ஓட்டிக்கினு, ஏரில உயுந்து எய்ந்து வந்தாமாரி கீறே?"

"எனக்குத் தெனம் தலைக்கு ஊத்துற காருடா மச்சான்" என்பார் நைனா. கடையே சிரிக்கும்.

வீட்டில் சிரிப்பு கிடையாது. "உள்ள குந்திக்கினு போறவனுக்கு ஊடு, ஓட்றவனுக்கு வாசலா?" என்று அம்மா துண்டை எடுத்து வீசுவாள். "ஒரு தார்ப்பாயாவது கட்டக் கூடாதா? நான் வந்து கேக்கறேன் அந்த ஆள."

"வண்டியோட அமைப்பு அப்டிமே. சீமைலயே அப்டித்தான் செஞ்சிக்கிறான். அதுக்கு மொதலாளி இன்னா பண்ணுவாரு?" இதுதான் நைனாவின் மாறாத பதில்.

நான் அதை நம்பினேன். யாரும் எங்களுக்குத் தீங்கு செய்யவில்லை. எங்கோ கடல் தாண்டி ஒரு பட்டறையில் நேர்ந்த முடிவு, அவ்வளவுதான். கோபப்பட ஆள் இல்லாத துன்பம் அது என்று சின்ன வயதிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியை ஒரு தகர டப்பாவில் மழையை அளந்து தேதிவாரியாக எழுதச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். நான் இரண்டு மழைக்காலம் எழுதினேன். டப்பாவின் அளவுக்குப் பக்கத்தில் ஆசிரியை கேட்காத ஒரு கட்டமும் போட்டேன்: "நைனா நனைந்தார்" அல்லது "நனையவில்லை". நனையவில்லை என்பது அபூர்வம். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதிகளை இங்கே அடுக்கப் போவதில்லை, கேட்பவருக்குக் காட்டுவேன்.

அந்தக் காரில் நான் ஏறியது ஒரே ஒரு நாள், அதுவும் அந்த ஆறாம் வகுப்பு ஆண்டின் ஆயுத பூஜைக்கு. முதலாளி குடும்பம் ஊரில் இல்லை. வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க நைனா என்னை ஷெட்டுக்கு அழைத்துப்போனார். முன்னிருக்கையில் ஏறி முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பினேன். நைனாவின் தலைக்குச் சரியாகப் பின்னால், தடுப்புக் கண்ணாடிக்கு மேலே, ஒரு நீள மரப்பலகையும் அதன் இரு முனைகளிலும் இரண்டு பித்தளைக் குமிழ்களும் இருந்தன. காரிலேயே மிக அதிகமாகப் பளபளத்தவை அவைதான். ஒன்றைத் திருகக் கை நீட்டினேன். நைனா என் கையில் அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

"அத்தத் தொடாத கண்ணு. மொதலாளிக்கு ஆவாது."

நான் அழுதேன், அவர் ரொட்டி வாங்கித் தந்தார், மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் முதலாளி கொரட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். காலையிலிருந்து அடைமழை. காரை யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதால், விருந்து முடிந்து அவர் வெளியே வரும் வரை நைனா முன்னிருக்கையிலேயே காவல் உட்கார்ந்திருந்தார். அன்று கட்டத்தில் "நனைந்தார்" என்று எழுதியதோடு என் நோட்டு முடிகிறது. காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஒரே வாரத்தில் பங்களாவுக்கு வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். அதன்பின் நைனா எந்த வண்டியையும் ஓட்டவில்லை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நான் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது போய்விட்டார். கடைசி வரை அவர் அந்தக் காரைக் குறை சொல்லவில்லை. "அமைப்பு அப்டி."

சென்ற தை மாதம் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு திடலில் பழைய கார்களின் கண்காட்சி நடந்தது. கயிறு கட்டிய வட்டத்துக்குள் அதே கார், புதுச் சாயத்துடன் நின்றது. பக்கத்தில் முதலாளியின் பேரன். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினார். நடுவர்கள் குறிப்பேட்டுடன் சுற்றி நிற்க, அவர் முன்னிருக்கையில் ஏறி, அந்த இரண்டு குமிழ்களையும் திருகி, பலகையைக் கீழே சாய்த்தார். உள்ளே கறுப்புத் தோலில் ஒரு கூரை மடித்து வைக்கப்பட்டிருந்தது. இழுத்தார். அது முன்கண்ணாடி வரை வந்து, இரண்டு கொக்கிகளில் மாட்டிக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"டிரைவருக்காகச் செஞ்ச ஒரிஜினல் ரூஃப்" என்றார் பெருமையாக. "ஒரு தடவைகூட மழைல பிரிச்சதில்ல. தாத்தா அவ்ளோ ஸ்ட்ரிக்ட். லெதர் நனைஞ்சா பாழாயிடும்னு விடவே மாட்டாராம்."

கைதட்டினார்கள்.

மழைக்கென்று செய்த கூரை மழையில் நனையக் கூடாதாம். அதைச் சீமையில் தைத்தவன்கூட ஓட்டுகிறவனின் தலையை நினைத்திருக்கிறான். பிறகு தேடிப் படித்தேன்: இப்படி முன்பக்கம் திறந்த கார்களுக்கு மழைக்காக ஒரு மூடி தருவது வழக்கம்தானாம்.

"ஓட்டினவர் நனைஞ்சாரே, தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்தக் காலத்து டிரைவருங்க எல்லாம் செம டஃப், மேடம்."

நைனாவுக்குத் தெரியும். தினம் அந்தக் குமிழ்களைத் துடைத்தவர் அவர். தெரிந்துதான் என் கையில் அடித்தார். தெரிந்துதான் அம்மாவிடம் அமைப்பு என்று சொன்னார். கூரையே இல்லாத காரை ஓட்டுகிறவன் என்று டீக்கடையில் சிரிப்பு வாங்கலாம். தலைக்குப் பின்னால் கூரை இருந்தும் அதைத் திறக்க அனுமதி இல்லாதவன் என்று மனைவி மகள் முன்னால் எப்படி நிற்பது? அன்று அரைநாள் அவர்மீதும் கோபப்பட்டேன். பிறகு அந்தக் கோபம் போக வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வீடு இப்போது இல்லை. பங்களா இருந்த இடத்தில் அடுக்குமாடி, ஆலை இருந்த இடத்தில் கிடங்கு. டீக்கடை சாலை அகலமானபோது போயிற்று. அம்மா இல்லை, காக்கிச் சட்டை இல்லை. அந்தத் தோல் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது.

கூட்டம் அடுத்த காருக்கு நகர்ந்ததும் நான் கயிற்றைத் தாண்டிப் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று, உலர்ந்து, வழவழப்பாக இருந்தது.

"மேடம், தொடாதீங்க!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

நான் கையை எடுக்கவில்லை.