நேற்றைய தண்ணீர்

என் அண்ணி பேய்க்குப் பயப்பட மாட்டாள், பாம்புக்குப் பயப்பட மாட்டாள், என் அண்ணனுக்கோ சுத்தமாகப் பயப்பட மாட்டாள். ஆனால் யாராவது குழாயைத் திறந்து அப்படியே வாயை வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டால் போதும், அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். குடிப்பவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் தெருவில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர்த் தண்ணீரைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறவளுக்கு இந்தப் பயம் வரலாமா என்று கேட்டால், அந்த வேலையில் இருப்பதால்தான் வருகிறது என்பாள்.

நகரத்துக்குக் குடிநீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவள் சோதனைக்கூட உதவியாளர். ஒருமுறை என்னையும் உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டினாள். ஆற்றிலிருந்து வந்து விழும் தண்ணீர் முதல் தொட்டியில் டீ நிறத்தில் இருந்தது. அதில் படிகாரக் கரைசலை விட்டு மெல்லக் கலக்குகிறார்கள். பால் திரிவது போலச் சேறு திரண்டு அடியில் படிகிறது. மேலே தெளிந்ததை மணல் படுகைகளில் விட்டு வடிகட்டுகிறார்கள். வடிந்து வந்த தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது, எனக்கு அங்கேயே ஒரு கை அள்ளிக் குடிக்கத் தோன்றியது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இது வரைக்கும் போனது கண்ணுக்குத் தெரியற அழுக்கு. தெரியாதது இன்னும் உள்ளதான் இருக்கு. அதுக்குத்தான் அடுத்து குளோரின்."

"அதைப் போட்டா எல்லாம் செத்துடுமா?"

"செத்துடும். ஆனா அதோட வேலை முடியலை. கொஞ்சம் மிச்சம் இருந்து தண்ணியோட வீடு வரைக்கும் வரணும். வழியில ஓட்டைக் குழாய்ல ஏதாவது நுழைஞ்சா அது பார்த்துக்கும்."

"துணைக்கு ஆள் அனுப்புறீங்கன்னு சொல்லுங்க."

"அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றாள். இதை அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அவளுடைய வேலை இதற்கு அப்புறம் தொடங்குகிறது. தெருத் தெருவாகப் போய்க் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பாட்டிலில் பிடித்துவர வேண்டும். அதை ஊதா நிறத் திரவம் இருக்கிற கண்ணாடிக் குழல்களில் விட்டு, நம் உடம்புச் சூடு அளவுக்குச் சூடாக இருக்கும் பெட்டிக்குள் வைப்பார்கள். மறுநாள் திறந்து பார்க்கும்போது ஊதா ஊதாவாகவே இருந்தால் நல்ல தண்ணீர். மஞ்சளாக மாறி உள்ளே குமிழி கட்டியிருந்தால் அதில் சாக்கடைக் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம்.

மறுநாள்தான் தெரியும் என்பதுதான் இதில் இருக்கிற கொடுமை. இன்றைக்கு ஊர் குடிக்கிற தண்ணீர் நல்லதா என்று ஊர் குடித்து முடித்த பிறகுதான் அண்ணிக்குத் தெரியும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை நேரம் பெட்டியைத் திறந்தபோது ஒரு தெருவின் குழல்கள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. சாக்கடைக்குப் பக்கத்தில் போன குடிநீர்க் குழாய் உடைந்திருந்தது. ஓடினார்கள், வால்வை மூடினார்கள், வீடு வீடாகச் சொன்னார்கள். யார் மேலும் தப்பில்லை. ஆனால் முந்தின நாள் தண்ணீர் முந்தின நாளே வயிற்றுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரி நிரம்பியது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அண்ணி அந்த வீட்டைத் தேடிப் போய் எதிரில் நின்று, வாசலில் கிடந்த சின்னச் செருப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே போக முடியாமல் திரும்பி வந்தாளாம். அதிலிருந்து மஞ்சள் நிறத்தையே அவளுக்குப் பிடிக்காது. என் மகளுக்கு யாரோ வாங்கித் தந்த மஞ்சள் கவுனை அலமாரியின் அடியில் திணித்து வைத்துவிட்டாள்.

வீட்டில் ஒரு சட்டமும் போட்டாள். குழாய்த் தண்ணீரை எவர்சில்வர் அண்டாவில் பிடித்து மூடிவைக்க வேண்டும். யாரும் தொடக்கூடாது. எங்கள் தெருக் குழாயும் தினமும் சோதனைக்குப் போகிற குழாய்தான். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அண்ணி போன் பண்ணி "ஊதா" என்பாள். அதற்குப் பிறகுதான் அந்த அண்டாவைத் திறக்கலாம். இப்படி மாற்றி மாற்றி இரண்டு அண்டா.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்கு இன்னிக்குத் தண்ணின்னு ஒண்ணு கிடைச்சதே இல்லை" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவளுக்கு 'நேத்து' என்றே பெயர் வைத்துவிட்டான். "நேத்து, சாப்பாடு ரெடியா?" என்பான். ஊருக்கே தண்ணீர் அனுப்புகிறவள் கட்டினவனுக்குத் தண்ணி காட்டுகிறாள் என்றும் ஒரு பழைய ஜோக் வைத்திருந்தான். அண்ணி சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள்.

என் கணவர் வெளியூர் வேலைக்குப் போனதும் இரண்டு வயது மகளோடு நான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றே அண்ணியின் பயம் முழுவதும் என் குழந்தையின் மேல் இறங்கிவிட்டது. குளிக்கும்போது குழந்தை வாயைத் திறந்தால் பதறுவாள். கொதிக்கவைத்த தண்ணீரைக் குழந்தை வாயில் வைத்ததும் துப்பிவிட்டது. குழாய்த் தண்ணீரின் மருந்து வாடையும் அதற்கு ஆகாது. அண்டாத் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்தது. "நம்ம அண்டாத் தண்ணியில மருந்து வாடையே இல்லை அண்ணி, தேன் மாதிரி இருக்கு" என்று நானும் மெச்சினேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண்ணாக வந்தது. நிலையத்தில் படிகாரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள் என்றாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவாள். ஒரு நாள் போதாது, குழந்தைக்கு மட்டும் இன்னும் நாலைந்து நாள் பொறுத்துக் கொடுக்கலாம், ஒரு சோதனை தவறினாலும் அடுத்ததில் தெரிந்துவிடும் என்று மூன்றாவதாக ஒரு சின்ன அண்டா வந்தது. அதைக் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி மேல் வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனாலும் என் குழந்தைக்காக இவ்வளவு பயப்பட இன்னொருத்தி இருக்கிறாளே என்று நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தை சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. கண்ணீர் வராமல் குழந்தை அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

"தண்ணி எங்கேர்ந்து குடுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே சலைன் ஊசிக்கு நரம்பு தேடினார். நரம்பு கிடைக்கவில்லை. கையில் தேடி, காலில் தேடி, கடைசியில் புறங்காலில் ஏற்றினார்.

அண்ணி வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்ததெல்லாம் வந்துவிட்டது.

"உங்க பிளான்ட் தண்ணிதான் அண்ணி. தினமும் சோதிக்கிறோம் சோதிக்கிறோம்னு சொல்லி என்னத்தைக் கிழிச்சீங்க? என் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்."

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வார்டில் வேறு எந்தக் கட்டிலில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நர்ஸிடம் கேட்டாள். யாரும் இல்லை என்றார் நர்ஸ். அந்த நேரம் எங்கள் எதிர்வீட்டுக்காரி விசாரிக்க வந்தாள். கூடவே அவள் பையன், குழாயில் வாயை வைத்துக் குடிப்பதற்காக அண்ணியிடம் தினமும் திட்டு வாங்குகிறவன்.

"நம்ம தெருவுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே. இவன் குழாய்லதான் குடிக்கறான், கல்லு மாதிரி இருக்கான். உங்க வீட்டுலதான் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் குடுப்பீங்க" என்றாள் அவள், ஆறுதலாகத்தான்.

அண்ணி அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனாள்.

வீட்டுக்குப் போய்க் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்திருக்கிறாள். பிறகு குழந்தையின் அண்டாவைத் திறந்திருக்கிறாள். உள்ளே குழந்தையின் சிவப்புக் கிண்ணம் மிதந்துகொண்டிருந்ததாம். வாசலில் மழைத் தண்ணீரில் கிடந்து, எல்லோர் காலிலும் மிதிபட்ட விளையாட்டுக் கிண்ணம். கட்டில்மேல் ஏறிக் குழந்தையே மூடியை நகர்த்தி மொண்டு குடித்திருக்கிறாள். எப்போதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? அண்ணி அந்தத் தண்ணீரிலும் ஒரு பாட்டில் பிடித்தாள். இரண்டையும் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தாள். குளோரின் அளவு மட்டும் உடனே தெரியும். அண்டாத் தண்ணீரில் மருந்துச் சொட்டை விட்டபோது நிறமே வரவில்லையாம், குளோரின் துளிகூட இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஓர் இடத்தில் காத்திருந்தோம். நான் சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, அவள் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொண்டு. என் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. தாகம் எடுத்தது, ஆனால் ஆஸ்பத்திரிக் குழாய் வரைக்கும் போய்விட்டுக் குடிக்காமல் திரும்பி வந்தேன். இத்தனை வருஷமாக அண்ணி எப்படி ஒவ்வொரு நாளையும் தள்ளினாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் அவள் வந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. நான் எழுந்து போனேன். போனை நீட்டினாள். படத்தில் இரண்டு குழல், பக்கத்துப் பக்கத்தில். ஒன்று ஊதா. ஒன்று மஞ்சள்.

"ஊதா நம்ம குழாய்" என்றாள். "மஞ்சள் நான் வெச்ச அண்டா."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"வெச்சு வெச்சுக் குளோரினைப் போகவிட்டேன். வாடை இல்லைன்னு நீ சொன்னப்போ சந்தோஷப்பட்டேன் பாரு. அது இருந்திருந்தா ஒரு கிண்ணத்து அழுக்கை அதுவே பார்த்துக்கிட்டிருக்கும். ஊர் பூரா அளந்தேன், என் வீட்டு அண்டாவுல ஒரு நாளும் அளக்கலை."

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. கடையில் வாங்கித் தின்றது எதையாவது திட்டிவிட்டுப் போயிருப்பேன். அதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது, "இங்கேர்ந்து போங்க அண்ணி. குழந்தைகிட்ட வராதீங்க" என்றுதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். முதலில் கண்ணீர் வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு பசி வந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மூன்று அண்டாவும் பின்கட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. கணவரிடம் போய்விடலாம் என்று நான் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

குழந்தை சமையலறை வாசலில் போய் நின்றாள். "அத்தை, தண்ணி."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழாயைத் திறந்து, கொஞ்சம் ஓடவிட்டு, டம்ளரில் பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எனக்கே மருந்து வாடை அடித்தது. குழந்தையிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினாள்.

"நீ குடு. என் கையால வேண்டாம்."

நான் டம்ளரை வாங்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. அண்டாத் தண்ணீரும் இப்படித்தான் இருந்தது. நானும் அவளைப் போலவே அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். பயப்படுவதென்றால் இந்த வீட்டில் என்னோடு சேர்ந்து பயப்படத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"நீங்களே குடுங்க அண்ணி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

குழந்தை மூக்கைச் சுளித்தாள், இரண்டு வாய் குடித்தாள். அண்ணியும் நானும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எடுத்தேன்.

"ஊதா" என்றாள் அண்ணி. "நேத்துத் தண்ணி ஊதா."

சமையலறையில் அண்ணன் குழந்தைக்கு இன்றைய தண்ணீரைக் கொடுத்திருந்தான். டம்ளரில் பாதிதான் மிச்சம் இருந்தது.